இரண்டாவதுக்கு எடுத்து வைத்தது

‘ஸ்டோர்’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நாத்தனார்தான். வைத்ததில் தப்பும் இல்லை. மோட்டார் பழுது பார்க்கும் பெரிய பட்டறை ஒன்றில் உதிரிபாகக் கிடங்கு பதினோரு வருஷமாக அவள் பொறுப்பில் இருந்தது. சீட்டு இல்லாமல் முதலாளியே வந்து நின்றாலும் அங்கிருந்து ஒரு நட்டு நகராது. எந்தத் தட்டில் எந்த வாஷர், எத்தனை மிச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டா வருவாள்?

மகள் பிறந்து நான்கு மாதத்தில் முதல் பெட்டி கட்டினாள். குழந்தைக்குச் சின்னதாகிப் போன சட்டைகள், தொப்பிகள், காலுறைகள், சுற்றும் துணிகள் எல்லாவற்றையும் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு, போன பட்டனைத் தைத்து, தளர்ந்த எலாஸ்டிக்கை மாற்றி, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினாள். கிடங்கில் பாலிஷ் போடும் கம்பளித் துண்டுகளுக்குப் போடுவது போலவே ஒரு கைப்பிடி அந்துருண்டை போட்டாள். மூடியைச் சுற்றி டேப். மேலே ஒரு சீட்டு. ‘பிறந்தது முதல் மூன்று மாதம், 46 உருப்படி, இரண்டாவதுக்கு.’ பிள்ளை வளர வளரப் பெட்டியும் வளர்ந்தது. நான்கு வயது முடிவதற்குள் பரண் நிறைய ஏழு பெட்டி.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாற்காலி போட்டு ஏறி, டேப்பின் ஒரு மூலையை மட்டும் கிழித்துப் பார்ப்பாள். வெள்ளை உருண்டைகள் கடுகாகச் சிறுத்திருக்கும், சில சமயம் இருந்த இடமே தெரியாது. புதிதாக ஒரு கைப்பிடி போட்டுத் திரும்ப ஒட்டிவிடுவாள். ஒரு பூச்சி அண்டியதில்லை.

எல்லாம் இருந்தது, இரண்டாவதுதான் வரவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது. அடுத்தது நான்கு மாதம் தாண்டியதும் ஆசை அடக்கமாட்டாமல் முதல் பெட்டியை இறக்கித் திறந்து, ஒவ்வொரு சட்டையாக மடியில் விரித்துப் பார்த்தாள். ஐந்தாம் மாதத்தில் அதுவும் போனது. திறந்ததால்தான் போனது என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. யார் என்ன சொல்லியும் அந்த முடிச்சு அவிழவில்லை. இனிமேல் பிள்ளை வீட்டுக்குள் வந்த பிறகுதான் பெட்டியை முழுதாகத் திறப்பது என்று முடிவு கட்டினாள். “பெட்டி ரெடி, ஆளுதான் வரக் காணோம்” என்று கணவரின் மாமா ஒரு நாள் சிரித்தார். அவளும் கூடவே சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நாத்தனாருக்குப் பையன் பிறந்தது அந்த நேரத்தில்தான். சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று தேய்க்கிற வேலை அவளுக்கு. புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது.

“அண்ணி, முதல் பெட்டி மட்டும் குடுங்களேன். உங்களுக்கு வேணுங்கிறப்போ துவைச்சு, தேய்ச்சு, அப்படியே கொண்டு வந்து வச்சிடறேன்.”

“அது இரண்டாவதுக்குன்னு வச்சிருக்கேம்மா.”

“தெரியும் அண்ணி. வர்ற வரைக்கும்தானே கேக்கறேன்.”

வருகிற வரைக்கும் என்ற அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. கொடுத்துவிட்டால் இரண்டாவது வராது என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இதை எந்த வாயால் சொல்வது? கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு சட்டை வாங்கிக் கொடுத்தாள். நாத்தனார் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ‘ஸ்டோர்’ என்று கூப்பிடும்போது பழைய கிண்டல் போய், கொஞ்சம் உப்பு சேர்ந்திருந்தது.

மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது மூன்றாம் முறை தங்கியது. ஒன்பது மாதமும் அவள் பரண் பக்கம் தலையைத் தூக்கவில்லை. பிறந்தது பையன், முழு எடை, நல்ல குரல். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். உதவிக்கு நாத்தனாரும் வந்திருந்தாள். மனசில் என்ன இருந்தாலும் வேளைக்கு வந்து நிற்கிறவள் அவள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கணவர் முதல் பெட்டியை இறக்கிக் கட்டிலருகே வைத்தார். அவளே டேப்பை உரித்தாள். மூடியைத் தூக்கியதும் அறை முழுக்க வாடை அடித்தது. அவளுக்கு அது வாடையாகத் தெரியவில்லை. காத்திருந்தது வீண்போகவில்லை என்று அந்த மணம் சொல்வதாகப்பட்டது. கண் கலங்கிவிட்டது.

நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். “அண்ணி, இதை ஒரு தண்ணில அலசிப் போட்டுரலாம். மூச்சு முட்டுது. எங்க கடைல மூட்டைல கிடந்த துணி வந்தாலே அலசாம குடுக்க மாட்டோம்.”

“துவைச்சு வச்சதும்மா இது.”

“எப்ப வச்சது? ஏழு வருஷம் ஆச்சே. பத்து நாளா மழை, இங்க காயாது. பெட்டியோட குடுங்க, கடைக்கு எடுத்துட்டுப் போய் அலசி, தேய்ச்சே காய வச்சு நாளைக்குக் கொண்டு வரேன்.”

பெட்டியோட என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கிடைக்காததை இன்றைக்கு இந்த வழியில் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். பெற்று இரண்டு நாள் ஆன உடம்பு, தூக்கமில்லாத மூளை என்று நாம் வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

“உன் கடைல வர்ற அழுக்குத் துணி மாதிரியா இது? ஒரு தூசி பட்டதில்லை. நீ உன் வேலையப் பாரு.”

நாத்தனார் கையிலிருந்த சட்டையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். “சரி அண்ணி. உங்க பெட்டி, உங்க பிள்ளை” என்று சொல்லிவிட்டுச் சமையல் பக்கம் போனாள்.

குழந்தைக்குச் சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் பெட்டியிலிருந்து. கீழே விரித்ததும் மேலே போர்த்தியதும் பெட்டியிலிருந்து. மழைக் குளிருக்கு இரண்டு சுற்றாகச் சுற்றி, சன்னலையும் சாத்தி வைத்தார்கள். மறுநாள் கண் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பிறந்த பிள்ளைக்கெல்லாம் வருவதுதான், வெயிலில் காட்டு போய்விடும் என்றாள். வெயிலுக்கு எங்கே போவது? அதற்கடுத்த நாள் துணியில் மூத்திரம் தேநீர்க் கறை போல இறங்கியது. இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சு வேகும். அப்போது அவள் கவலைப்பட்டது கறைக்காகத்தான். பத்திரமாக வைத்த துணி வீணாகிறதே என்று சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வயிறும் மஞ்சளாகிவிட்டதை அன்று மாலைதான் பார்த்தாள். பால் குடிக்கவில்லை. கழுத்து பின்னால் வளைந்தது. பூனைக்குட்டி கத்துவது போல மெலிதாக ஒரு அழுகை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை முழுதும் மாற்ற வேண்டும் என்றார்கள். கணவர் ரத்தத்துக்கு ஓடினார். டாக்டரம்மா குழந்தையின் மேல் குனிந்தவர், அப்படியே நின்று, சட்டை நுனியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

“இந்தத் துணி எங்கம்மா இருந்துச்சு?”

“பெட்டில. அந்துருண்டை போட்டு பத்திரமா...”

“எத்தனை நாளா?”

“ஏழு வருஷம். கரையக் கரைய மாத்திப் போட்டுடுவேன்.”

“கரைஞ்சு எங்க போச்சுன்னு நினைச்சீங்க?” டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. சட்டையை அவிழ்த்துக்கொண்டே பேசினார். “எல்லாம் துணிக்குள்ளதான் இருக்கு. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சில பிள்ளைங்க ரத்தத்துக்கு இது ஆகவே ஆகாது, உடைஞ்சு போகும். உங்க பையன் ரத்தம் அந்த மாதிரி இருக்கும்னு நினைக்கிறேன், பாத்துச் சொல்றேன். துவைச்சு வெயில்ல போட்டிருந்தா இவ்வளவு ஏறியிருக்காது.”

அவிழ்த்த சட்டையை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். “அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன் டாக்டர்” என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொல்ல அப்போதே சந்தர்ப்பம் வந்தது. கணவர் திரும்பி வந்தபோது பின்னாலேயே நாத்தனாரும் கடையில் சொல்லிக்கொள்ளாமல் ஓடி வந்திருந்தாள். ஆஸ்பத்திரி நடையில் வைத்து அவர் தங்கையைப் பார்த்துத் தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“பெட்டி திறக்கறப்போ நீதான் கூட இருந்தே. கேட்டுக் குடுக்கலைன்னு இத்தனை வருஷமா வயிறெரிஞ்சுகிட்டு இருந்தே. இப்ப நல்லா இருக்கா?”

நாத்தனார் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். அலசச் சொன்னதை அண்ணி ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்து நின்றாள். பாவி, இவள் தரையைப் பார்த்தாள். நாத்தனார் மாடிப்படியில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, துணி விஷயத்தை அவள் கணவரிடம் சொல்லியிருப்பாள் என்ற நினைப்பில் அதைத் திரும்ப எடுக்காமல், இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். “உயிருக்குப் பயமில்லை. ஆனா மஞ்சள் ரொம்ப மேல ஏறிடுச்சு. காது போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். மூணு மாசத்துல டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்.”

அந்த மூன்று மாதம் அவள் பட்ட பாடு நாய் படாது. கணவர் இல்லாத நேரத்தில் கிலுகிலுப்பையைத் தலைக்குப் பின்னால் ஆட்டுவாள். திரும்பினால் கேட்கிறது என்பாள், திரும்பாவிட்டால் தூக்கக் கலக்கம் என்பாள். ஒரு நாள் கதவு அறைந்து சாத்தியதில் குழந்தை துள்ளியது. ஆனந்தத்தில் அதை வாரியெடுத்துக் கொஞ்சினாள். அப்புறம், கதவு சாத்திய காற்று முகத்தில் அடித்ததால்கூடத் துள்ளியிருக்கலாமே என்று தோன்றியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏழு பெட்டியையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள். ஏன் என்று கணவர் கேட்டதற்கு ராசியில்லை என்றாள். தப்பு தன் கையில், பழி இன்னொருத்தி தலையில். இதை மென்று விழுங்கிக்கொண்டுதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

டெஸ்டுக்கு அன்று பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வரும்போதே நிரப்பிக் கொண்டு வாருங்கள் என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். காலையில் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு கணவர் எழுதினார். குழந்தை பக்கத்தில் சன்னலோரக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் உள்ளறையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“பிறந்தப்போ வந்த நோய், அதுக்குக் காரணம்னு கேட்டிருக்கு” என்றார். “மஞ்சள் காமாலைன்னு எழுதிடறேன். காரணத்துக்கு என்ன எழுத?”

“தெரியாதுன்னு எழுதுங்க” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். டெஸ்ட் எடுக்கிறவர்கள் இதைப் பார்த்துத்தானே பிள்ளைக்கு ஆவதைச் செய்வார்கள், இதிலுமா பொய் எழுதுவது என்று தோன்றியது.

“அந்துருண்டைன்னு எழுதுங்க.”

அவர் பேனாவைத் தூக்கினார்.

“நான் பெட்டில போட்டது. துணில இறங்கியிருந்துச்சு. அதுதான் பிள்ளையோட ரத்தத்தை உடைச்சிடுச்சு. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. உங்ககிட்ட நானே சொல்றேன்னு சொல்லி மறைச்சிட்டேன். உங்க தங்கச்சி அலசிப் போடலாம்னுதான் சொன்னா. எடுத்துட்டுப் போய் அலசித் தரேன்னு கெஞ்சினா. நான்தான் இது உன் கடை அழுக்குத் துணியான்னு அவளைப் பேசினேன்.”

“நான் அவளை...” அவர் பேனாவை மேசையில் வைத்தார். “நடைல நிக்க வச்சு அவளை நான் பேசினேனே. நீ பக்கத்துல நின்னே.”

“நின்னேன்.”

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த மாதிரி ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. “வாயில என்னடி இருந்துச்சு உனக்கு!” மாடி வீட்டில் நடந்துகொண்டிருந்த காலடி நின்றுவிட்டது. மகள் ஒரு கையில் சீப்போடு ஓடி வந்து அறை வாசலில் நின்றாள்.

இன்னும் கத்த வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவர் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள்.

கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குழந்தையின் இமைகூட அசையவில்லை. வாய் மட்டும் பால் குடிக்கிற நினைப்பில் லேசாகச் சப்பிக்கொண்டிருந்தது.

“டேய்” என்றார் அவர்.

கட்டிலருகே போய் மண்டியிட்டார். கட்டிலைத் தொடாமல், மூச்சுப் படாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். பிறகு முழுக் குரலில் கத்தினார். அதில் கோபம் துளியும் இல்லை. மேலும் மேலும் கத்தினார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் போய்க் கணவரின் தோளைப் பிடித்தாள். “போதுங்க” என்றாள். “பொண்ணு பயப்படறா.”