மூன்றாவது பாலம்

ஆம்புலன்ஸின் பின்கதவு சாத்தப்படும்போது வான்யூ தரையில் மண்டியிட்டு, சுவரிலிருந்த பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் தன் கறுப்புப் பெட்டியைச் சொருகிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவின் மூச்சு இயந்திரம் உறுமி எழுந்து முகமூடிக்குள் காற்றைத் தள்ள ஆரம்பித்தது.

இன்று சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் போகும் உயிர் வீடு தெரியாமல் அலையும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு மூச்சாவது மிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வீடு இருக்கும் நான்சுவாங் மலைக்கு ஐம்பது நிமிடம்.

"அக்கா, வழியில அஞ்சு பாலம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சொல்லிடுங்க. நான் சொன்னா செல்லாது, பொண்ணுதான் சொல்லணும்" என்றாள் கூட வந்த செவிலி யாலிங்.

வான்யூவுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் ஆவி பாலத்தைத் தாண்டத் தெரியாமல் அக்கரையிலேயே நின்றுவிடும். ஆனால் இதே சாலையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய அப்பா ஷுய்மூவுக்குப் போய் யாராவது பாலம் வருகிறது என்று சொல்வார்களா? போதாததற்கு, அப்பாவும் மகளும் பேசி வளர்ந்த குடும்பமும் இல்லை. அம்மா போனபிறகு ஞாயிறுதோறும் ஒரு போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். ரெண்டு நிமிடம் தாண்டினால் அதிசயம்.

முதல் பாலம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, பாலம் தாண்டுறோம்" என்றாள். ரெண்டாவதிலும் சொன்னாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அந்தப் பெட்டியை அவள் ரெண்டு வருஷம் முன்பு அப்பாவுக்காகவே செய்தாள். பன்னிரண்டு வோல்ட்டை இருபத்துநாலாக ஏற்றிக் கொடுக்கும். இயந்திரத்தோடு காரில் வைத்து அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆசை. "வீட்ல என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டார் அவர். பெட்டி அலமாரிக்குப் போனது. இன்றுதான் முதன்முறையாக வெளியே வருகிறது.

அவள் வேலையே அதுதான். உள்ளே ஒரு சுவிட்ச் நொடிக்கு லட்சம் முறை ஆனாகி ஆஃபாகும். ஒவ்வொரு முறையும் ஆனில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அதைப் பொறுத்து வோல்ட் ஏறும். அளவு மீறி ஆனில் இருந்தாலோ, ஏறுவதற்குப் பதிலாகக் கம்பிச்சுருளும் சுவிட்சும் கருகிப்போகும். அதனால் அதற்கு ஒரு வரம்பு வைப்பார்கள். வரும் மின்சாரம் தணிந்தால் தானே நின்றுகொள்ள இன்னொரு வரம்பு. வான்யூ ரெண்டையும் எப்போதும் ஒரு படி முன்னதாகவே நின்றுகொள்ளும்படி வைப்பவள். "வான்யூ செஞ்சா பொட்டி சாகாது, பொட்டியை நம்பினவன்தான் சாவான்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். இருபது வருஷமாக அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

மலை ஏற்றம் தொடங்கியதும் பெட்டி நின்றது.

இயந்திரம் ஓய்ந்தது. ரெண்டு நொடியில் பச்சை விளக்கு வந்தது, இயந்திரம் உறுமியது, மறுபடி நின்றது. யாலிங் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கையால் மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை வைத்து அமுக்க ஆரம்பித்தாள். "இதால ரொம்ப நேரம் தாங்காதுக்கா."

வான்யூ மீட்டரை வைத்துப் பார்த்தாள். சாக்கெட்டுக்கு வரும் வயர் பழசு, மெலிசு. இயந்திரம் இழுத்த மாத்திரத்தில் பதினொரு வோல்ட்டுக்குக் கீழே விழுகிறது. அவள் வைத்த வரம்பு பதினொன்று. பெட்டி, சொல்லிக்கொடுத்தபடியே, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்தப் பெட்டியின்மேல் வந்த கோபம் முழுக்கத் தன்மேல்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

மூடியைத் திறந்தாள். வண்டி வளைவில் ஆட, சிறு திருப்புளி திருகின் தலையிலிருந்து வழுக்கியது. கீழ் வரம்பை ஒன்பதுக்கு இறக்கினாள். போதவில்லை. சுவிட்சின் நேர வரம்பை அறுபது சதவீதத்திலிருந்து எழுபத்தைந்துக்கு ஏற்றினாள். வேறு யாராவது இப்படி வைத்திருந்தால் கையெழுத்தே போட்டிருக்க மாட்டாள். பச்சை விளக்கு வந்தது. இந்த முறை அணையவில்லை. யாலிங் முகமூடியை மறுபடி மாட்டினாள். அப்பாவின் மார்பு ஏறி இறங்கியது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சன்னலில் மறுபடி ஆறு தெரிந்தது.

"அப்பா, மூணாவது பாலம்..."

"அக்கா," யாலிங் தயங்கினாள். "இது நாலாவது."

திரும்பிப் போகலாம். போனால் கால் மணி நேரம். பெட்டி ஏற்கெனவே தொடையைச் சுட்டது, வார்னிஷ் வாடை வந்தது. வான்யூ அப்பாவின் மார்பைப் பார்த்தாள். "போகட்டும்" என்றாள்.

வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்து, முன்பே பேசிவைத்தபடி, யாலிங் முகமூடியைக் கழற்றினாள். அப்பா பதினொரு நிமிடம் தானாக மூச்சு விட்டார். வான்யூ அவர் கையைப் பிடித்திருந்தாள். பிறகு அவர் மூச்சு விடவில்லை.

பக்கத்து வீட்டு ச்சியூமே அத்தை வந்து காலடியில் விளக்கேற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் காரியமாக அதைத்தான் கேட்டாள்.

"எல்லாப் பாலத்துலயும் சொன்னியாம்மா?"

"சொன்னேன் அத்தை."

"நல்லது. வந்து சேர்ந்திருப்பார்."

சாவுச் சடங்குக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வான்யூ இந்த நம்பிக்கையையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. இதோ வந்துவிடுகிறேன் என்று அத்தையை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, முற்றத்தில் நின்ற அவருடைய சின்ன நீல லாரியை எடுத்தாள்.

மூன்றாவது பாலம் சின்னது. அதைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போய், வண்டியைத் திருப்பி, ஓரமாக நிறுத்தினாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்கூட்டர் கடந்துபோனது. பிறகு யாருமில்லை.

சாய்ந்து எட்டி, பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டாள்.

தூரத்தில் ஓடிவருகிற ஆளுக்காகக்கூட அப்பா பஸ்ஸை நிறுத்திவைப்பார். ஏறியவர்கள் முணுமுணுப்பார்கள், அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். வான்யூவும் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். நேரம் பார்க்கவில்லை.

கதவை இழுத்துச் சாத்தி முதல் கியரைப் போட்டாள்.

"அப்பா, பாலம் தாண்டுறோம். இதான் மூணாவது."

பாதிப் பாலத்தில் கையை நீட்டி, அந்தக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.