ஸப்ரி சொன்ன பாங்கு

அது எந்த வருடத்து ரமலான் என்று இப்போது யாராவது கேட்டால் நான் தடுமாறுவேன். குளிர் போய் வெயில் வராத பருவம் என்பது நிச்சயம். அன்று மழை பெய்ததா, வானம் வெறுமனே மூடிக்கொண்டிருந்ததா என்பதில் என் மனைவிக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கீழே நான் சொல்லும் பேச்சுகளில் எதை என் காதால் கேட்டேன், எது பிறர் சொல்லி என் நினைவில் ஒட்டிக்கொண்டது என்பதையும் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் எங்கள் கட்டிடம் முழுவதும் ஒருநாள் நோன்பைக் கால் மணி நேரம் முன்னதாகத் திறந்துவிட்டது என்பதில் சந்தேகம் இல்லை. நானும்தான் திறந்தேன்.

மூன்றாம் மாடியில் ஹஸீபா தன் தாயார் ஸுலீகாவோடு இருந்தாள். பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அந்த ரமலானில் ஓடிய ‘பாறை’ என்ற தொலைக்காட்சித் தொடரை எழுதியவள் அவள்தான். பெரிய நிலநடுக்கம் ஒன்றில், பாறைமேல் இருக்கும் எங்கள் கான்ஸ்டன்டைன் நகரத்துப் பாலங்கள் எல்லாம் பள்ளத்தாக்கில் விழுந்துவிடுகின்றன. வெளியிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. உலகத்தில் வேறு யாராவது மிச்சமிருக்கிறார்களா என்பதே தெரியாமல், பாறை உச்சியில் அகப்பட்டுக்கொண்ட சனங்கள் பிழைத்துக் கிடப்பதுதான் கதை. ரமலான் முழுக்க தினமும் ஒரு பகுதி. நோன்பு திறந்து சூப்புக் கிண்ணம் காலியாகும் நேரத்தில் போடுவார்கள். மறுநாள் சாயங்காலம், பெண்கள் அடுப்படியில் நிற்கும்போது, அதையே திரும்பப் போடுவார்கள்.

ஊரில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது. இத்தனை நாள் குளிக்காத கதாநாயகிக்குக் கூந்தல் எப்படி இப்படிப் பளபளக்கிறது என்று பெண்கள் கேட்டார்கள். உலகம் அழிந்த பிறகும் இவர்கள் வீட்டில் காப்பித்தூள் மட்டும் தீரவில்லையே என்று ஸி தய்யிப் சொன்னார். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று இரண்டாம் மாடியில் இருந்தவர்; பெரியவர்களை ஆண் என்றால் ஸி, பெண் என்றால் லல்லா என்று மரியாதையாகச் சொல்வது எங்கள் வழக்கம். இறைச்சிக் கடையில் வரிசையில் நின்ற ஒருவர், பாலங்களை விழவைத்ததே அபசகுனம், இதற்கு எழுதியவளைத்தான் கேட்க வேண்டும் என்றார். அவருக்கு முன்னால் நின்றவள் ஹஸீபா என்பது அவருக்குத் தெரியாது. அவள் தன் இறைச்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். திட்டு வாங்குவது அவளுக்குப் பிடித்திருந்தது. பேசாமல் பார்ப்பவர்களைவிடத் திட்டிக்கொண்டு பார்ப்பவர்கள் மேல் என்பது அவள் எண்ணம்.

எல்லோரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. ஸப்ரி சாக வேண்டும்.

ஸப்ரி என்பவன் தொடரில் தண்ணீர்த் தொட்டியின் சாவியை வைத்திருப்பவன். தலைக்கு ஒரு கிண்ணம்தான் அளப்பான். பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரு கிண்ணம், கல்யாணப் பெண்ணுக்கும் ஒரு கிண்ணம். கெஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த வேடத்தில் நடித்தவர் லக்தர் என்ற பழைய நாடக நடிகர். ஒருநாள் இனிப்புக் கடையில் அவருக்கு ஜிலேபி தர மறுத்துவிட்டார்கள். ஒரு கிண்ணம் அளவுக்கு வேண்டுமானால் தருகிறோம் என்றார்களாம்.

ஹஸீபா எழுதியிருந்த கடைசிப் பகுதியில் ஸப்ரி சாகவில்லை. எதிர்க்கரையிலிருந்து முதல் கயிறு வந்து விழுகிறது; அப்போது அவன் சாவியைச் சனங்களிடம் நீட்டுகிறான்; யாரும் வாங்கவில்லை. நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நிற்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் முழுத் தொடரையும் எழுதியிருந்தாள். அதை இன்னும் படம் பிடிக்கவில்லை.

தயாரிப்பாளர் நஸீம் தலைநகரத்திலிருந்து தினமும் பேசுவான். பார்வையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வாசித்துக் காட்டுவான். அன்று நண்பகலில் அவன் வாசிக்கவில்லை. முடிவு மாற வேண்டும், கடைசிப் பகுதியில் சனங்கள் ஸப்ரியைப் பள்ளத்தாக்கில் தள்ள வேண்டும், நாளைக் காலைக்குள் எழுதித் தா என்றான். இப்படி வெறுக்கப்பட்ட ஒருவன் கையில் சாவியைத் திரும்பக் கொடுத்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பது அவன் வாதம். அவள் தராவிட்டால் வேறொருவரை வைத்து எழுதிக்கொள்வானாம். ஹஸீபா நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சனங்கள் நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதை அவனுக்கு எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் சூரியன் தலைநகரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் மறைகிறது. தலைநகரத்துக்காரர்கள் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் சூப்பைக் குடித்து முடித்திருப்போம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொலைக்காட்சியில் வருவது அவர்களுடைய பாங்கு, நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் தொழுகை அழைப்பு. அது காதில் விழுந்தால் எங்கள் நேரம் எப்போதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் பாறைமேல் பல நாட்களாகப் புழுதி மூடிச் சூரியனே தெரியவில்லை. பாங்கு சொல்பவர் இறந்துபோயிருக்கிறார். எப்போது நோன்பு திறப்பது என்று சனங்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஸப்ரி ஒன்றும் பேசாமல் மொட்டைமாடிக்கு ஏறி, மேற்கே பார்த்து நிற்கிறான். வெகுநேரம் நிற்கிறான். பிறகு தானே பாங்கு சொல்கிறான். இசை ஒன்றும் இல்லை, லக்தரின் கரகரத்த குரல் மட்டும்.

எங்கள் வானமும் மூடித்தான் கிடந்தது. நாலாம் மாடி லல்லா பாயா, கட்டிடத்தின் நடுவே இருக்கும் காற்றுவெளியில் தலையை நீட்டி, பாங்கு சொல்லியாகிவிட்டது, டிவியிலேயே வந்துவிட்டது, நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கெட்டுப்போய்விட்டது போல என்று கூவினாள். அவ்வளவுதான். மாடிக்கு மாடி ஜன்னல் வழியாகச் செய்தி இறங்கியது. டிவியிலேயே வந்துவிட்டது என்றால் நாம் கால் மணி நேரம் தாமதம் என்று எல்லோரும் அவசர அவசரமாகப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம். ஸி தய்யிப் முதலில் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

பாதிக் கிண்ணம் சூப்பு இறங்கிய பிறகு எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஒலிபெருக்கி நன்றாகத்தான் இருந்தது.

கட்டிடம் முழுக்கக் கரண்டிகள் நின்றுபோயின. மூன்றாம் மாடியில் ஸுலீகா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

“பாலத்தை விழவச்சே, சரின்னேன். இப்போ பெத்தவ நோன்பையும் விழவச்சுட்டியே.”

“நானும்தான யம்மா சாப்பிட்டேன்.”

“எழுதினவ நீ. உனக்குக்கூடவா தெரியல?”

ஹஸீபா அப்போது டிவி பார்க்காமல் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்; தாய் கூப்பிட்டதும் வந்து தின்றிருந்தாள்.

ஸி தய்யிப் இமாமுக்குப் போன் போட்டுக் கேட்டார். தெரியாமல் செய்ததில் பாவம் இல்லை, ஆனால் பெருநாள் கழிந்து எல்லோரும் ஒரு நோன்பு ஈடுகட்ட வேண்டும் என்று பதில் வந்தது. கேள்வி கேட்கும் நாலாவது கட்டிடம் நீங்கள் என்றும் இமாம் சொன்னாராம். சாப்பாடு முடிந்ததும் ஸி தய்யிப் ஹஸீபா வீட்டுக்கு ஏறி வந்தார். பின்னாலேயே வேறு சிலரும் வந்தார்கள். கடைசியாக லல்லா பாயா வந்து கதவோரத்தில் உட்கார்ந்தாள். ஸப்ரியைக் கொல்லச் சொல்லித் தொலைக்காட்சி நிலையத்துக்கு வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தவள் அவள். ஸுலீகா எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள்.

ஸி தய்யிப்தான் தொடங்கினார். தொடரை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பயலை இனி விட்டுவைக்கக் கூடாது என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஹஸீபா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“லல்லா பாயா,” என்றாள் பிறகு. “முதல்ல கேட்டது நீங்கதான். அடுப்படியிலயா இருந்தீங்க?”

பாயா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “ஆமா. எங்க இருப்பேன்?”

“உங்க வீட்டு அடுப்படிக்கு டிவி சத்தம் கேக்காதே லல்லா. நடுவுல ரெண்டு கதவு.”

ஸி தய்யிப் காப்பியைக் கீழே வைத்தார். பாயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து மருமகன் வீட்டுக்குப் போயிட்டேன், பார்க்கல,” என்றாள் கடைசியில். “அதனால இன்னைக்கு உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். டிவிக்கு நேரா. அவன் மாடிக்கு ஏறுறதையும் பார்த்தேன். வானத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். அவ்வளவு நேரம் நின்னான் மகளே. நம்ம ஆளுங்கள்ல எவன் அப்படி நிப்பான்? அப்புறம் பாங்கு சொன்னான். என் கை தானா பழத்தை எடுத்துருச்சு.”

“அப்போ தலைநகரத்துப் பாங்குன்னு நீ நெனைக்கவே இல்லையா?” என்றார் ஸி தய்யிப்.

“அது உங்களுக்குக் கூவினப்ப சொன்னது. எனக்கு அவன் சொன்னதே போதும்னு தோணுச்சு. அவன் அளவுல ஏமாத்த மாட்டான்ல.”

ஸுலீகாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஸி தய்யிப், அப்புறம் எல்லோரும். பாயாவும் சிரித்தாள், ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. நஸீம். அவன் குரல் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கே கேட்டது. நாலைந்து பேட்டைகளிலிருந்து புகார் வந்திருக்கிறது, கிழக்கு மாவட்டங்கள் முழுக்கக் கலவரம், இனி யோசிக்க ஒன்றுமில்லை, இன்றைக்கே ஸப்ரியைக் கொன்று எழுது என்றான். ஹஸீபா அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னு மத்தியானம் சொன்னீங்க நஸீம். தினமும் அவனைத் திட்டுற ஒரு அம்மா, டிவிக்கு முன்னால உக்காந்து, அவன் பேச்சை நம்பி நோன்பைத் திறந்திருக்காங்க. நோன்பு. இதுக்கு மேல எதை நம்பணும்?”

நஸீம் ஏதோ சொல்லத் தொடங்கினான்; ஹஸீபா விடவில்லை.

“அவங்க வாய் சொன்னதை நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க. கை செஞ்சதை நான் உங்களுக்குச் சொல்றேன். கடைசிப் பகுதி எழுதினபடியே எடுப்பீங்க. மாத்தினா என் பேரை எடுத்துருங்க.”

“பார்க்கிறவங்க டிவியை அணைச்சிட்டா?”

“அணைக்க மாட்டாங்க. திட்டுவாங்க.”

மறு ஒளிபரப்பைக் காலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று மட்டும் நஸீம் சொன்னான். பிறகு, லக்தருக்கு அந்தச் சாவிக் காட்சி ரொம்பப் பிடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டான். ஹஸீபா போனை வைத்தாள்.

“என் பேரைச் சொல்லலையே?” என்றாள் பாயா.

“ஒரு அம்மான்னு மட்டும்தான் சொன்னேன் லல்லா.”

“நல்லது. ஆனா ஒண்ணு. அவன் செத்தா எனக்கு இப்பவும் சந்தோஷம்தான்.”

கடைசிப் பகுதி ஹஸீபா எழுதியபடியே பெருநாளுக்கு முந்தைய நாள் ஒளிபரப்பானது. பாதி ஊர் திட்டியது. லல்லா பாயா நிலையத்துக்குப் போன் போட்டுப் பத்து நிமிடம் குறை சொன்னாள். பெருநாள் கழிந்த வியாழக்கிழமை எங்கள் கட்டிடம் முழுவதும் சேர்ந்து ஈடு நோன்பு பிடித்தது. லக்தர் பிறகு இரண்டு தொடர்களில் நீதிபதியாக நடித்தார். மூட்டு வலி வந்ததும் ஓய்ந்து, மகன் வீட்டோடு போய்விட்டார். நஸீம் தொலைக்காட்சியை விட்டுவிட்டு வீட்டு மாடிகளில் சூரிய மின்தகடு பொருத்தும் தொழில் செய்கிறான். ஸி தய்யிப் போன குளிர்காலத்தில் இறந்தார். ஸுலீகா இருக்கிறாள், காது சரியாகக் கேட்பதில்லை. லல்லா பாயா மகளோடு வெளியூரில் இருக்கிறாள். ஹஸீபா இன்னும் இரண்டு தொடர்கள் எழுதினாள். ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. இப்போதும் அதே பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறாள்.