மழை கொடுத்த விடுமுறை

கொத்தனார் லாட்ஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மழையை முறைத்துக்கொண்டிருந்தார். வந்து இரண்டு நாளாகியும் எதிர் டீக்கடையைத் தாண்டவில்லை. நாலு மணிக்கு ஊர் திரும்பும் பஸ். மகள் இன்னும் கடலில் கால் நனைக்கவில்லை.

"வெயில் காலத்துல வந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"வெயிலடிச்சா மேஸ்திரி லீவு குடுப்பாரா? மழை பெஞ்சாத்தான நமக்கு வேலை இல்ல."

"அப்ப எப்ப வந்தாலும் இந்தக் கூத்துதான். கெளம்புங்க."

தொப்பலாக நனைந்து மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். காவலர் கயிறு கட்டி மறித்திருந்தார். "அலை பெருசா வருது. யாரும் எறங்கக் கூடாது."

கொத்தனாருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கடல் தெரியுதா?"

"தெரியுதுப்பா. நான் பாக்கவா வந்தேன்?"

அவர் மகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.