சாதியா டீச்சரின் கரண்டிச் சத்தம்

மூன்று நாளாகச் சாதியா வாயைத் திறக்கவில்லை. பாலும் இல்லை, கஞ்சியும் இல்லை. கணவர் அப்துல் கஃபார் கட்டிலைவிட்டு நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புக்கிட் பாத்தோக் முதியோர் இல்லத்துத் தாதி சுபாங்கி அன்று காலையிலேயே சொல்லிவிட்டாள். "அங்கிள், இன்னிக்கும் ஆன்ட்டி குடிக்கலைன்னா நாளைக்கு டாக்டர் மூக்கு வழியா டியூப் போட்டுருவாரு. வேற வழியில்ல லா."

மூக்கில் டியூபா! நினைவு நன்றாக இருந்த காலத்திலேயே, "எனக்கு அது மட்டும் வேண்டாங்க" என்று கணவரின் கையைப் பிடித்துச் சொன்னவள் அவள். கஃபார் உடனே எழுந்தார். தோ பாயோ வீட்டுக்கு ஓடினார். கண்ணாடி கிளாஸ், கரண்டி, பிளாஸ்க்கில் டீ எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, வழியில் குவே லாப்பிஸ் பலகாரமும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அந்தக் கரண்டிக்கு ஒரு கதை உண்டு. சாதியா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் நடத்தியவள். எலிக்குத் தீனி கொடுத்துக் கம்பியை அழுத்தப் பழக்குவது, மணியடித்தே நாய்க்கு எச்சில் ஊற வைப்பது, இதெல்லாம்தான் பாடம். வீட்டில் இருந்ததோ எலியைவிட மோசமான ஆசாமி. டன்லப் ஸ்திரீட் துணிக்கடையிலிருந்து வந்ததும் கஃபார் பேப்பருக்குள் தலையை விட்டுவிடுவார். டீ ஆறிப்போகும். அவர் வந்து உட்காராமல் சாதியாவுக்கு ஒரு மிடறுகூட இறங்காது. அவள் டீயும் சேர்ந்து ஆறும். கத்திப் பார்த்தாள், சண்டை போட்டாள். ம்ஹூம்.

ஒரு நாள் கூப்பிடுவதை நிறுத்தினாள். கரண்டியால் கிளாஸில் டிங் டிங். எட்டிப் பார்த்தவருக்கு ஒரு துண்டு குவே லாப்பிஸ், அந்த வண்ண வண்ண அடுக்குப் பலகாரம். உடனே வந்தால் உண்டு, பேப்பரோடு வந்தால் கிடையாது. ஒரு மாதம் போனதும் சில நாள் கொடுத்தாள், சில நாள் கையை விரித்தாள். இன்றைக்குக் கிடைக்குமோ என்று மனிதர் முன்பைவிட வேகமாக ஓடி வந்தார்! அவர் ஓடிவரும் வேகத்தை அவள் வகுப்பில் வரைபடமாகவே போட்டுக் காட்டியது பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் டிங் டிங் கேட்டதும், பாழாய்ப்போன கால் தானாக நடந்தது. "வந்துட்டேன் டீச்சர்" என்றார். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் அவருக்குக் கண் கலங்கும். நாற்பது வருஷம் அப்படியே போனது.

இப்போது கட்டிலருகே உட்கார்ந்து அவர் தட்டினார். டிங் டிங். சாதியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம்வரை தட்டினார். பக்கத்துக் கட்டில் பாப்பம்மாள் முறைத்தார்.

"ஒரே ஒரு வாய் குடி புள்ள" என்று கெஞ்சினார். டீ ஊற்றிய கிளாஸையும் கரண்டியையும் குவே லாப்பிஸையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, அழுகையை மறைக்க வெளியே போனார்.

டிங் டிங்.

யோசிப்பதற்குள் கால் திரும்பிவிட்டது. வாசலில் மூச்சு வாங்க நின்று, "வந்துட்டேன் டீச்சர்" என்றார். கரண்டி சாதியாவின் கையில் இருந்தது. அவர் யாரென்று தெரிந்ததோ இல்லையோ, ஓடி வந்தவரைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. குவே லாப்பிஸை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். உடனே கிளாஸைத் தூக்கி ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறும் குடித்தாள்.

அட மடையா என்று கஃபார் தன்னையே திட்டிக்கொண்டார். சத்தத்துக்குப் பழகியவர் அவர். அவள் பழகியது அவர் வருவதற்கு. மூன்று நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் எங்கிருந்து வருவார்?

"இப்படியே கஞ்சியும் குடிச்சா டியூப் வேண்டாம் அங்கிள்" என்றாள் சுபாங்கி. சாயங்காலம் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்து, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இருக்கட்டும்மா, நான் வெளிய நிக்கணும்" என்றார் கஃபார். சட்டையைச் சரிசெய்துகொண்டு லிஃப்ட் வரைக்கும் நடந்துபோய், அங்கே காத்து நின்றார்.