ஒரு விரல் இடைவெளி

கைவிரல் பத்தும் பத்திரமாக இருக்கிற மனிதருக்கு ஊரார் வைத்த பெயர் ஒருவிரல். காருக்குப் புகைக்குழாய் செய்து மாட்டினால், குழாய்க்கும் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பார்க்காமல் விடமாட்டார். "எஞ்சின் என்ன கல்லா? ஆக்சிலேட்டரை மிதிச்சா ஆடும். ஆட இடம் விடணும்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அன்று காலை தங்கையின் பழைய காருக்குப் புதுக்குழாய். கணவனோடும் கைக்குழந்தையோடும் அவள் வெகுதூரம் போகவேண்டும். விரல் தாராளமாக நுழைந்தது. குழாயைப் பற்றவைத்து முடித்து வண்டியை ஸ்டார்ட் செய்தார், சத்தமே இல்லை. பெருமை பிடிபடாமல் கையசைத்து வழியனுப்பினார்.

அடுத்த வண்டிக்காக ஜாக்கியை இழுத்தபோதுதான் அதன் மேலிருந்த மரக்கட்டையைப் பார்த்தார். எஞ்சின் அடியிலிருந்து அதில் ஒட்டிய எண்ணெய் இன்னும் காயவில்லை.

எஞ்சினைத் தாங்கும் ரப்பரை மாற்ற, காலையில் எஞ்சினை ஜாக்கியால் தூக்கி நிறுத்தியிருந்தார். இறக்காமலே குழாயை அளந்து பற்றவைத்துவிட்டார். ஜாக்கியை எடுத்ததும் எஞ்சின் இறங்கியிருக்கும். குழாய் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். மிதிக்க மிதிக்க இடித்துப் பற்றவைத்த இடம் விட்டுப்போகும். கியர் கம்பியின் ஓட்டை வழியே புகை உள்ளே வரும். வெளியே மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருப்பார்கள். குழந்தை தூங்கும்.

தங்கைக்குப் போன் போட்டார், அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. போட்டது போட்டபடி பைக்கில் பறந்தார்.

பெட்ரோல் பங்கைத் தாண்டிக் கார் ஓரமாக நின்றது. கதவுகள் திறந்து கிடந்தன. மாப்பிள்ளை குடைக்குள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வாந்தி. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் ஒருவிரலுக்குப் போன உயிர் திரும்பியது.

"எஞ்சினை இறக்காம அளந்துட்டேன்மா. தப்பு என்னுது."

தங்கை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவருக்கு முதல்லயே நாத்தம் தெரிஞ்சுதுண்ணா. கண்ணாடிய இறக்கினாரு. நான்தான் சண்டை போட்டு ஏத்த வெச்சேன். எங்கண்ணன் கைவேலை, புகை வராதுன்னு சொன்னேன்."

ஓடுகிற மழைநீரில் மல்லாந்து ஒருவிரல் வண்டிக்கு அடியில் போனார். குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே விரலை வைத்தார். நகம்கூட நுழையவில்லை. குழாய் சுட்டது. விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.