மரம் குடித்த தண்ணீர்

என் மச்சான் ஹோல்கர் ஆறு வருடமாகச் சீரமைத்த, தண்ணீர்ச் சக்கரம் சம்மட்டியைத் தூக்கி அடிக்கும் பழைய இரும்புப்பட்டறையின் திறப்புக்கு ஞாயிறன்று ஸ்டாக்ஹோமிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாக இருந்தது. வியாழனன்று புதிய மரக்கால்வாயில் தண்ணீர் விட்டான். சக்கரத்தை அடையுமுன்பே பாதி ஒழுகிப்போனது.

“என்ன மச்சான், சல்லடையா செஞ்சிருக்க? சம்மட்டி எந்திரிக்கலன்னா ஊரே சிரிக்கும். தாரைப் பூசித் தொலை!”

“வேணாம். மரம் தண்ணி குடிக்கட்டும். நீ வாயை மூடு.”

மூன்று நாளும் அவன் மதகை மூடவில்லை.

ஞாயிறன்று பலகைகள் உப்பி இடுக்குகள் அடைபட்டிருந்தன. ஒரு சொட்டுகூட விழவில்லை. சக்கரம் சுழன்றது. ஆளுயரச் சம்மட்டி எழுந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் விழுந்தது. அந்த அதிர்வு தரை வழியே என் முழங்கால்வரை ஏறியது.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.