ஒருத்தர் மட்டும் கேட்கிற டேப்பு

வணக்கம். எல்லாரும் சௌக்கியந்தானே? மழை விட்டும் தூவானம் விடாத நாளாக இருக்கிறது, தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டே படிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற பெட்டி இப்போது ஆளுக்கு ஒன்று. எண்பத்தாறில் திருவண்ணாமலையில் அப்படி ஒன்றை ஆதிலட்சுமி என்கிற ஒருத்தி ஆசைப்பட்டு வாங்கினாள். அந்தக் கதைதான் இது.

ஆதிலட்சுமியின் புருஷன் வேடியப்பன் துபாயில் வெல்டர். அவள் இருந்தது மாமியார் காசியம்மாள் வீட்டில். அங்கே மூத்த மைத்துனன் சகாதேவன், அவன் பெண்டாட்டி ஜோதியம்மாள், அவர்கள் பிள்ளைகள். சகாதேவனுக்குத் தேரடித் தெருப் பக்கம் வாடகை சைக்கிள் கடை. டியூபுக்குக் காற்று அடிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லா மிஷினும் தெரியும் என்று அவனிடம் எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு வந்த லீவில் வேடியப்பன் நாலு ஸ்பீக்கர் வைத்த பெரிய டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தான். சகாதேவன் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. உறைக்கு மேலே ஜோதியம்மாள் கிளி போட்டுப் பின்னிய துணி. துணிக்கு மேலே சந்தனப் பொட்டு. கரண்டு போன நாளில் போடுவதற்கு ஆறு குண்டு பேட்டரி வேண்டும். தீர்ந்துபோன பேட்டரிகளை மொட்டை மாடிச் சுவரில் வரிசையாக வெயிலில் வைத்து, சாயங்காலம் எடுத்துக் கடித்துப் பார்ப்பான். "ஏறிகிச்சு" என்பான். மாடு பல் பிடித்துப் பார்க்கிற தரகன்கூட அவ்வளவு கம்பீரமாக இருக்க மாட்டான். இரண்டு பாட்டுக்கு மேல் அது ஓடாது. பாடகனுக்கு நடுவில் தூக்கம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். வேடியப்பனும் அந்தச் சாதிதான். கேசட்டு வந்த நாள் வீட்டில் திருவிழா. காப்பி போட்டு, பக்கத்து வீட்டையும் கூப்பிட்டு, சகாதேவன் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பொத்தானை அமுக்குவான். வேடியப்பன் பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அண்ணனுக்கு வணக்கம். பிறகு அம்மாவின் இடுப்பு வலி. பிறகு அண்ணி, பிள்ளைகள், எதிர்வீட்டு இராமலிங்கம், எருமை சினையாக இருக்கிறதா இல்லையா. எருமைக்கு அப்புறம், கேசட்டு தீர்கிற நேரத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆதியையும் கேட்டதா சொல்லவும்."

ஆதி எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். இத்தனை பேருக்கு நடுவில் அவளுக்கு வந்தது அவ்வளவுதான், அதுவும் யாரோ மூலமாக. உடனே ஜோதியம்மாள் திரும்பி, "இன்னா ஆதி, கேட்டாராம்டி!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பாள். என்ன நகைச்சுவையோ.

அடுத்த லீவில் வந்தபோது அவனிடமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா பூடுவீங்க?"

"எங்க அண்ணன், அம்மா, தெருவே கேட்டுகினு கீது. அதுல உங்கிட்ட இன்னா பேசறது? வெக்கமா இருக்காது? தனியா இருந்தா எவ்ளோ பேசுவேன் தெரியுமா?"

அதை அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? கல்யாணமான மூன்றாவது மாதம் விமானம் ஏறினவன். அவன் தன்னிடம் பேச எதையோ வைத்திருக்கிறான், கேட்பதற்கு வழிதான் இல்லை என்று நினைத்துக்கொண்டால் நாள் நகரும்.

ஆதிலட்சுமி வீட்டிலேயே மிஷின் வைத்துத் துணி தைப்பவள். ரமணாசிரமம் பக்கம் வாடகை அறைகளில் தங்கும் வெள்ளைக்காரர்கள் கேட்கிற தொளதொள பேண்ட் தைப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பேர் உண்டு. ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்புகிற வாரம், செங்கம் ரோட்டில் தன் அறை வாசலில் துணி விரித்துச் சாமான்களை விற்றாள். அடுப்பு, கொசுவலை, குடை, நடுவில் இரண்டு சின்ன டேப்பு. காதில் மாட்டிக் கேட்கிறவை. தைத்த கூலிக்குப் பதில் ஒன்றை எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினாள்.

ஒன்று பளபளவென்று வெள்ளி நிறம், ரேடியோகூட உண்டு, காதுக்கம்பி செருக இரண்டு துளை. வெள்ளைக்காரம்மா இரண்டு விரலைக் காட்டி, தன்னையும் ஆதியையும் சுட்டி, தலையை ஆட்டி ஆடிக் காட்டினாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கலாமாம். இன்னொன்று கறுப்பு. ஓரம் தேய்ந்தது, ரேடியோ இல்லை, ஒரே துளை.

ஆதி இரண்டையும் காதில் வைத்துப் பார்த்தாள். வெள்ளி நிறத்துப் பெட்டியில் சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. கறுப்பில் கொஞ்சம் இரைச்சல். மூடியைத் திறந்து மூடினாள், ஓட விட்டுக் குலுக்கிப் பார்த்தாள், நடந்து பார்த்தாள். எல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டாவது துளையைப் பார்க்கப் பார்க்க அதில் ஜோதியம்மாள் காதை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரியே தெரிந்தது. கறுப்பை எடுத்துக்கொண்டாள். நல்லதை விட்டுத் தேய்ந்ததை எடுக்கிறாளே என்று வெள்ளைக்காரம்மா வாயைப் பிளந்தாள். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பார்த்தால் தெரியும் அவளுக்கு.

வீட்டில் சகாதேவன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தான்.

"கனமே இல்ல. உள்ள ஒண்ணும் கெடையாது. ஸ்பீக்கர் எங்க?"

"ஸ்பீக்கர் கெடையாதுங்க மாமா. காதுலதான்."

"ஸ்பீக்கர் இல்லாத டேப்பா? பல்லு இல்லாத கெழவனுக்கு முறுக்கு வாங்கினாப்ல கீது. அந்தம்மா உன்ன நல்லா ஏமாத்திச்சு போ."

"ரெக்கார்டு ஆவுமா?" என்று ஜோதியம்மாள் கேட்டாள்.

"ஆவாதுக்கா. கேக்க மட்டுந்தான்."

"அய்யே! செவிட்டு மிஷினு மாதிரி கீது. எங்க, இன்னொரு ஓட்ட இருந்தா நானும் கேப்பேன்ல?"

"அது இல்லாத கொறதாங்க்கா," என்றாள் ஆதி.

அன்றிலிருந்து இரண்டு பென்சில் பேட்டரி போட்டு, பெட்டியைப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு, காதில் பாட்டோடு தையல் ஓட்டினாள். தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்டது. அதைவிட, சகாதேவன் பேச்சு கேட்கவில்லை. அதற்காகவே கோயில் கட்டலாம்.

ஆனால் அவள் வாங்கியது பாட்டுக்காக இல்லையே. துபாய்க்குக் கடிதம் போட்டாள். "இப்போது என்னிடம் நான் மட்டும் கேட்கிற டேப்பு இருக்கிறது. இனிமேல் வெட்கம் வேண்டாம். எனக்கென்று தனியாக ஒரு கேசட்டு பேசி அனுப்புங்கள்."

இரண்டு மாதம் கழித்து வேங்கிக்கால் மூர்த்தி லீவில் வந்தான். வேடியப்பனோடு வேலை செய்கிறவன். பையில் இரண்டு கேசட்டு. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்றில் ஆதிலட்சுமி என்று எழுதியிருந்தது. அந்த முட்டாள் இரண்டையும் கூடத்தில் எல்லார் எதிரிலும் எடுத்து வைத்தான்.

வீட்டுக் கேசட்டு ஓடி முடிந்தது. எருமை வரைக்கும் வழக்கம்போல. சகாதேவன் அடுத்ததை எடுக்கக் கை நீட்டினான். ஆதி முந்திக்கொண்டாள்.

"அது எனக்குங்க மாமா."

"உனக்குன்னா? நாங்க இன்னா அசலா? பெரிய செட்டுல போட்டா நல்லா கேக்கும், கொடு."

"என்னுதுல கேட்டுக்கறேன்."

காசியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "புருசன் பொண்டாட்டி பேச்சு, அவளே கேக்கட்டும். ஆனா இங்கியே கேளு. எம்புள்ள நல்லா கீறானானு உம் மூஞ்சியப் பாத்து நான் தெரிஞ்சிக்கறேன்."

எப்படி இருக்கிறது ஏற்பாடு! மாமியார், மைத்துனன், ஓரகத்தி, மூர்த்தி, பிள்ளைகள், எதிர்வீட்டு இராமலிங்கம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சினிமா பார்க்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஆதி காதில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள்.

"ஹலோ... ஓடுதா? ஆங். அண்ணனுக்கு வணக்கம். அம்மா இடுப்பு எப்பிடி கீது? அண்ணி, புள்ளைங்க..."

அதே வரிசை. இவனுக்கு வேறு வழியில் வாய் திரும்பாது போலிருக்கிறது. எருமையும் வந்துபோனது. பிறகு வழக்கமான தொண்டைச் செருமல்.

"ஆதி, தனியா பேசச் சொல்லி எழுதியிருந்தே. தனியா இன்னா பேசறது? எல்லாம் நம்ம மனுசங்கதானே. ஒடம்பப் பாத்துக்கோ. சரி, வைக்கிறேன்."

டெலிபோனா, வைப்பதற்கு? ஆதி முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். காதில் இரைச்சல் ஓடியது. நிறுத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது, தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அந்த மகானுபாவன் மிஷினை நிறுத்தவில்லை. பேசத்தான் தெரியவில்லை என்றால், ஒரு பொத்தானை அமுக்கவும் தெரியவில்லை.

"இன்னா வேடி, பொண்டாட்டிக்குத் தனி கேசட்டா?" என்றது யாரோ ஒரு குரல்.

அதற்கு வேடியப்பன் பேசினான். அப்படி ஒரு பேச்சு! குரலே மாறிவிட்டது. மேடை கிடைத்த கூத்தாடி மாதிரி.

"அத ஏன்டா கேக்கறே? காதுல மாட்டிக்கற மிஷினு வாங்கி வச்சிகினு, எனக்குத் தனியா பேசு தனியா பேசுன்னு ஒரே லெட்டரு. எருமகூட கன்னு போட்டா சும்மா கெடக்குது. இதுக்கு இன்னா பேசறது? சினிமாகாரியக் கட்டினாப்ல ஆயிப்போச்சுடா." பிறகு அவளைப் போலவே குரலைக் குழைத்து, "'ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை...'" என்றான். அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

எதிரே பன்னிரண்டு கண்ணுக்கு மேல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாலு ஸ்பீக்கரில் ஓடியிருந்தால் இது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். ஆதி புன்னகை செய்தாள். ஒரு இடத்தில் வெட்கப்படுகிற மாதிரி தலையைக்கூடக் குனிந்தாள். பக்கம் தீர்ந்து பொத்தான் தானாக எகிறுகிற வரைக்கும் கேட்டாள்.

"பாரு, எப்பிடி செவக்கறா!" என்றாள் ஜோதியம்மாள்.

"நல்லா கீறானா?" என்றாள் காசியம்மாள்.

"ரொம்ப நல்லா கீறாருங்க அத்தை. ஒரு கொறையும் இல்ல."

மறுநாள் காலையில் அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு, பாட்டுப் பதிவு செய்து தரும் அஸ்மத் பாய் கடைக்குப் போனாள். பாய் கேசட்டைப் போட்டுக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஏம்மா, இதுல உங்க வீட்டுக்காரர் கொரல் கீதே. புது கேசட்டுல போட்டுத் தரட்டா?"

"வேணாங்க பாய். இதுலியே போடுங்க. ரெண்டு பக்கமும்."

"அழிஞ்சி பூடுமேம்மா."

"கேசட்டு நல்ல கேசட்டுங்க. அதுல ஒரு தப்பும் இல்ல. வீணாக்கக் கூடாது."

மூர்த்தி திரும்பிப் போகும் முன் பதில் கேசட்டு பேச வேண்டும். பெரிய செட்டுக்கு முன்னால் வீடே கூடியது. ஒவ்வொருத்தராகப் பேசினார்கள். சகாதேவன் பேட்டரியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தான். கடைசியில் ஆதியின் முறை. வழக்கமாக அவள் தலையை ஆட்டி விலகிவிடுவாள். அன்றைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கேன். கேசட்டு வந்துச்சு. பேசி முடிச்சா நிறுத்தற பொத்தான அமுக்கணுங்க. நீங்க அமுக்கல. பக்கம் தீர்ற வரைக்கும் ஓடிச்சு, பூரா கேட்டேன். உங்களுக்கு இவ்ளோ நல்லா பேச வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே எனக்குத் தனி கேசட்டு வேணாம். எங்கிட்ட பாட்டு கீது."

பொத்தானை அவளே அமுக்கினாள்.

"கேட்டியா கூத்த! துபாய்ல கீறவனுக்கு இவ டேப்பு நிறுத்தக் கத்துக் குடுக்கறா," என்று சகாதேவன் சிரித்தான். "ஸ்பீக்கர் இல்லாத பொட்டி வாங்கின மூளைக்கு இவ்ளோதான் வரும்."

அவன் அதற்கு மேலும் என்னென்னவோ சொன்னான். ஆதி தையல் மிஷினில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டுவிட்டாள்.

உங்கள் வீட்டில் யார் குரலை நடுக்கூடத்தில் போட்டுக் கேட்டீர்கள்? எந்தக் கேசட்டின் மேல் எந்தப் பாட்டைப் பதிந்தீர்கள்? பாதியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிப் போடுங்கள். ஒருத்தர் விடாமல் படிப்பேன்.